மரக்கட்டை ஒன்று, நிலை பழையது

மூன்று நாளில் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று சிற்பக் குழுவினர் எடுத்துப்போன கட்டை ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை. ஆனை வாயில் போன கரும்பு என்று நோஹெயா மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் மகன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, அந்தக் கட்டை இல்லாமல் மாப்பிள்ளைக்குத் துணி இல்லை.

அது அடுப்பில் வைக்கிற கட்டை அல்ல. வவுக்கே மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து, முதலில் கல்லின்மேலும் பிறகு கட்டையின்மேலும் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, உள்ளங்கையகலப் பட்டையைப் போர்வையகலத் துணியாக்குவதற்குத்தான் கப்பா செய்வது என்று பெயர். கல் யாரிடமும் இருக்கும். கட்டை அப்படி இல்லை. அடிப்பக்கம் குடைந்து செதுக்கிய கனத்த மரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. நோஹெயாவின் கட்டைக்கு ஒரு முனையில் விரிசல். அதனால் தட்டும்போதெல்லாம் தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற பெரியவர் போல ஒலிக்கும். கல்யாணமான புதிதில் அவள் கணவன் செதுக்கியது. கணவன் பிற்பாடு லாஸ் வேகஸ் பக்கம் போய் அங்கேயே தங்கிவிட்டான். கட்டை எங்கும் போகாமல் இருபத்தாறு வருடம் கூடவே இருந்தது. கணவனுக்காக இவ்வளவு அலைந்திருப்பாளா என்று கேட்டால், இல்லை.

ஹிலோ என்ற அந்தத் தீவு நகரத்தின் கடற்கரையில் கப்பா செய்யும் பெண்களைக் கௌரவித்து வெண்கலச் சிலை வைப்பதாகக் குழு முடிவு செய்தது. சிலையின் காலடியில் கட்டை வேண்டும், அச்செடுக்க மாதிரி வேண்டும். நோஹெயா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலை நடை முடித்து வந்து நின்றபோது வாசலில் ஒரு வண்டி, இரண்டு ஆட்கள், ஒரு ரசீது. "பொருள்: மரக்கட்டை, ஒன்று. நிலை: பழையது. காலம்: மூன்று நாள்." கையெழுத்துப் போட்டாள். நல்ல காரியத்துக்குத்தானே என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

வைலோவா ஆற்றின் அக்கரையில் உலுவெஹி இருக்கிறாள். முப்பது வருடத் தோழி, இப்போது மணப்பெண்ணின் அம்மா. இருவரும் ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே பேசுவார்கள். நாலு வேகத் தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு என்றால் காப்பி தயார். இரண்டு இரண்டாகத் தட்டினால் வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி வந்திருக்கிறார். கட்டை போனதிலிருந்து நோஹெயா ஊமையாகிவிட்டாள். அக்கரையிலிருந்து கேள்விகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் உலுவெஹி நேரிலேயே வந்துவிட்டாள். வாளியில் ஊறிக்கொண்டிருந்த பட்டைகளை மோந்து பார்த்தாள். கல்லில் தட்டி முடித்தவை, கட்டைக்காகக் காத்திருப்பவை.

"நோஹெயா, இது இன்னும் ரெண்டு வாரம் தாங்கும். அப்புறம் கூழுதான். குடிக்கலாம், கட்ட முடியாது."

"தெரியும். தண்ணி மாத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"எங்க பக்கம் பொண்ணுக்குத் துணி முக்காவாசி முடிஞ்சிருச்சு. உங்க பக்கம் மாப்பிள்ளை எப்படி, பீச்சுக்குப் போற மாதிரி நிப்பானா?"

"ரொம்பப் பேசாத. சீப்ப ஒளிச்சு வச்சா கல்யாணம் நின்னுடுமா?"

"கல்யாணம் நிக்காது. மாப்பிள்ளைதான் வெறும் தோளோட நிப்பான். என் கட்டையை வேணா ராத்திரி ராத்திரி வந்து தட்டிக்கோ சம்பந்தி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உலுவெஹி சொன்னால் ஊருக்கே விருந்து வைத்துச் சொல்வாள். பெண் வீட்டுக் கட்டையில் மாப்பிள்ளை வீட்டுத் துணியைத் தட்டினாள் என்ற பேச்சை வாங்கிக்கொள்ள நோஹெயா தயாரில்லை. மாப்பிள்ளை மகோவாவிடம் கேட்டார்கள். அவன் தோளைக் குலுக்கினான். மகோவா வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசுகிற பையன். அதில் பாதியைக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வதிலேயே செலவழித்திருந்தான்.

நோஹெயா குழு அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் ஷெரில் பச்சேகோ மேசையில் முசுபி என்ற சோற்றுக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். நல்ல பெண். சின்ன வயதில் நோஹெயாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள்.

"ஆன்ட்டி, உங்க கட்டை பத்திரமா இருக்கு."

"எங்க இருக்கு?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு. எங்கன்னு சொன்னா பத்திரம் போயிடும்."

"நான் பாக்கலாமா?"

"பாக்கலாம். படிவம் பதினாலு. கையுறை போட்டுக்கிட்டு மூணடி தள்ளி நின்னு பாக்கணும். ஆனா பாக்கறதுக்கு அது உங்க கட்டைதான்னு நீங்க நிரூபிக்கணும்."

"நிரூபிக்கணும்னா பாக்கணுமேம்மா."

ஷெரில் முசுபியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "அதைத்தான் ஆன்ட்டி நானும் மூணு தடவை எழுதிப் போட்டேன். நல்ல கேள்வின்னு பதில் வந்துச்சு."

வியாழக்கிழமை குழுக் கூட்டம், பொதுமக்கள் பேசலாம் என்றாள். நோஹெயா போனாள். கூட்டம் வாழ்த்தோடு தொடங்கியது. அடுத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுந்து தன் மலையின் பெயர், ஆற்றின் பெயர், முன்னோர் பெயர் எல்லாம் சொல்லி உட்கார்ந்தார். பசடீனாவிலிருந்து போன வருடம் வந்தவர்கூட ஒரு ஆற்றைச் சொன்னார். இதற்கே ஐம்பது நிமிடம். போன கூட்டத்துக் குறிப்பில் ஒரு முன்னோரின் பெயர் விட்டுப்போயிருந்ததற்காக ஐந்து நிமிட மௌனம். மீதி இருந்த நேரத்தில் மாவட்டத்தின் கலை முழுவதையும் தீர்மானித்தார்கள்.

திரையில் அரிசோனாவிலிருந்து சிற்பி பிரைஸ் ஹாலண்டர் தோன்றி வரைபடத்தைக் காட்டினார். ஒன்பதடிப் பெண், ஈர்க்குச்சி இடுப்பு, காற்றில் பறக்கும் கூந்தல். நின்றுகொண்டு, இரண்டு கையாலும் கொட்டாப்புளியைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தாள்.

நோஹெயாவால் பொறுக்க முடியவில்லை. "இவ யாரை அடிக்கப் போறா?"

"அது ஆற்றல்," என்றார் சிற்பி.

"உக்காந்து, மணிக்கட்டாலதாங்க தட்டணும். இப்படி ஓங்கினா மூணாவது தட்டுல தோள்பட்டை கழண்டுடும். நீங்க தட்டுறதப் பாத்திருக்கீங்களா?"

"பாக்கல. பாக்கவே மாட்டேன். பாத்தா என் கற்பனை கெட்டுடும்."

உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

தலைவர் வென்டெல் அராகாவா எழுந்தார். அறுபத்தேழு வயது. நாற்பத்தொன்பது வயது நோஹெயாவை மரியாதைக்காக அவரும் ஆன்ட்டி என்றார். "ஆன்ட்டி நோஹெயா, உங்களை மதிக்கிறோம். உங்க கட்டையை மதிக்கிறோம். இந்தக் குழு தொடங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் கப்பா செய்யற ஒரு பொண்ணக்கூட நாங்க தொந்தரவு பண்ணினதில்ல. ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவ்வளவு மரியாதை!"

கைதட்டல்.

"கட்டையைத் திருப்பித் தாங்கன்னுதான் கேட்டேன்."

"அந்தக் கோரிக்கையையும் மதிக்கிறோம். அதனாலதான் அவசரப்பட்டு நிறைவேத்தப் போறதில்ல. துணைக்குழுவுக்கு அனுப்பறோம். துணைக்குழு அக்டோபர்ல கூடுது."

"என் பையன் கல்யாணம் ஜூன்ல."

"ஜூனையும் மதிக்கிறோம்," என்றார் தலைவர். அன்னாசி வடிவக் கடிகாரம் மணியடித்தது. பொதுமக்களின் மூன்று நிமிடம் தீர்ந்தது. போகும்போது நோஹெயாவுக்குப் பண்பாட்டு ஆலோசகர் என்று எழுதிய சட்டைவில்லை ஒன்றும், திறப்பு விழாவில் முன்வரிசை நாற்காலிக்குச் சீட்டும் கொடுத்தார்கள். ஆலோசனை ஏதும் சொல்ல வேண்டியதில்லை என்று சீட்டின் பின்பக்கம் போட்டிருந்தது.

பட்டைகள் வாளியில் மணத்துக்கொண்டிருந்தன. நாள்தோறும் தண்ணீர் மாற்றும்போது ஒரு விரலால் அழுத்திப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் விரல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. எரிச்சல் போய் இப்போது பயமே வந்துவிட்டது. ஒரே மகன். தகப்பன் வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். தகப்பன் இருந்து செய்ய வேண்டியதற்கும் சேர்த்து அந்த ஒரு துணியைத்தான் அவள் நினைத்திருந்தாள்.

உலுவெஹி வந்துபோன பத்தாம் நாள் திறப்பு விழா. மழை பெய்தது. ஹிலோவில் மழை பெய்ததென்று சொல்வது கடலில் தண்ணீர் இருந்ததென்று சொல்வதுபோலத்தான், யாரும் குடை விரிக்கவில்லை. சிலையை ஒரு துணி மூடியிருந்தது. கப்பா போலவே கோலம் அச்சிட்ட பாலியெஸ்டர். ஒலிபெருக்கியில் கப்பா தட்டும் ஓசை கேட்டது. ஹொனலுலுவில் ஒரு டிரம்ஸ்காரரை வைத்துப் பதிவு செய்தது.

உலுவெஹி காதைத் தீட்டிக் கேட்டாள். "என்ன சொல்றான் தெரியுதா? காப்பி, காப்பி, விருந்தாளி, விருந்தாளி, காப்பி, விருந்தாளி. அவன் வீட்டுல ஏதோ பெரிய பிரச்சினை."

பாலியெஸ்டர் விலகியது. ஒன்பதடிப் பெண் கொட்டாப்புளியை ஓங்கி நின்றாள். காலடியில், தாழ்ந்த மேடைமேல் வெண்கலக் கட்டை. தலைவர் பேசினார்.

"இந்த நகரத்துக்கு ஒரு குறை இருந்துச்சு. கப்பா செய்யறவங்க இருந்தாங்க. ஆனா அவங்களைப் பாக்கணும்னா அவங்க வீட்டுக்குப் போகணும், மோந்து பாக்கணும், சத்தத்தைக் கேக்கணும், அவங்களோட பேச வேண்டியிருக்கும். இனிமே அந்தச் சிரமம் யாருக்கும் இல்ல!"

பலத்த கைதட்டல். அவர் ரிப்பன் சுற்றிய ஒரு கொட்டாப்புளியை எடுத்து, சம்பிரதாயமாக, வெண்கலக் கட்டைமேல் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

வெண்கலம் மணிபோல ஒலிக்க வேண்டும். இது தொண்டையைச் செருமிக்கொண்டு, டொக் என்றது.

முன்வரிசையில் பண்பாட்டு ஆலோசகர் எழுந்து நின்றாள். இரண்டு வரிசை தள்ளி உலுவெஹியும் எழுந்துவிட்டாள். இருபத்தாறு வருடமாக ஆற்றைத் தாண்டிக் கேட்ட குரல் அல்லவா!

"அது என் கட்டை!"

நோஹெயா மேடையேறி நகத்தால் சுரண்டினாள். மழையில் ஊறிய வெண்கலம் பொரிபொரியாக உரிந்தது. கீழே அவள் மரம்.

தலைவர் ஒலிவாங்கியை மறந்துபோய்க் கையில் பிடித்துக்கொண்டே அவளிடம் ரகசியம் பேசினார். ஊர் முழுவதும் கேட்டது. "ஆன்ட்டி, புரிஞ்சுக்கணும். அரிசோனாவுல கட்டை வார்க்கும்போது வெடிச்சிருச்சு. அழைப்பிதழ் அடிச்சாச்சு. உங்க கட்டை சும்மாதான் இருந்துச்சு. நாலு போல்ட்டுப் போட்டு, பெயின்ட் அடிச்சு... எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாருங்க! நிஜக் கட்டை மாதிரியே இருக்குன்னு ஆளுநர் அலுவலகத்துல பாராட்டினாங்க."

"போல்ட்டைக் கழட்டுங்க."

"அய்யோ! அது இப்ப பொதுச்சிற்பம் எண் ஏழு. கழட்டணும்னா அது சிற்பமில்லன்னு அறிவிக்கணும். அதுக்கு சிற்பி ஒத்துக்கணும். நிபுணர் குழு அது மரமா வெண்கலமான்னு ஆராயணும். ரெண்டு வருஷம்."

"மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறீங்களே, நீங்களே பாத்துச் சொல்லுங்க. மரமா, வெண்கலமா?"

தலைவர் கட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "பதிவேட்டுல வெண்கலம்," என்றார்.

காவலாளி வந்து பணிவோடு தகவல் சொன்னான். சிற்பத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அபராதம். நோஹெயா இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை என்பது ஒன்றுதான் சௌகரியம். தன் கட்டைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, வீட்டில் பட்டை அழுகுகிறதே என்று கணக்குப் பார்க்கிற கொடுமை எந்த அம்மாவுக்கும் வரக்கூடாது.

ஷெரில் ஓசைப்படாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடித்த தாள் ஒன்றை நீட்டினாள்.

"ஆன்ட்டி, விதியை முழுசாப் படிச்சவ இந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான். சிற்பத்தை யாரும் தொடக்கூடாது, பராமரிப்புத் தொண்டர் தவிர. பதினோரு வருஷத்துல ஒருத்தர்கூட அந்தப் படிவத்தைக் கேக்கல."

"என்ன பண்ணணும் அதுல?"

"அழுக்கு எடுக்கணும். ஈரத்துணி, மரக் கருவி மட்டும் அனுமதி. உலோகம் கூடாது. எத்தனை மணி நேரம்னு போடல." ஷெரில் கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். கூடவே கொண்டுவந்திருந்தாள். "நான் குத்திட்டேன்னா கேக்க ஆள் கிடையாது. அக்டோபர் வரைக்கும்."

மறுநாள் காலை பஸ் நடை முடிந்ததும் நோஹெயா கடற்கரைக்குப் போனாள். பராமரிப்பின் முதல் நாள் பெயின்ட்டைச் சுரண்டுவதிலேயே போயிற்று. அது சிற்பத்தின்மேல் படிந்த அழுக்கு என்று அறிக்கையில் எழுதினாள், அதில் பொய் எதுவும் இல்லை. இரண்டாம் நாள் வாளியோடு வந்து, ஓங்கிய வெண்கலக் கொட்டாப்புளிக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஊறிய பட்டையைக் கட்டைமேல் விரித்து, தட்டத் தொடங்கினாள். பெரியவர் தொண்டையைச் செருமினார். ஐந்து மாதம் பேசாமலிருந்தவர், நிறுத்தாமல் பேசினார்.

கொஞ்ச நேரத்தில் ஆற்றுப் பக்கமிருந்து பதில் வந்தது. நாலு வேகத் தட்டு, நிறுத்தி ஒன்று. நோஹெயா சிரித்துக்கொண்டே, வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன் என்று தட்டினாள்.

சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நோஹெயாவைப் படம் எடுத்தார்கள். இதைக் குழு கவனித்தது. அவசரக் கூட்டம் கூட்டி, எல்லா மலைகளையும் ஆறுகளையும் சொல்லி முடித்து, ஒரு பலகை வைத்தது: "இங்கே தட்டிக்கொண்டிருக்கும் பெண் சிற்பத்தின் பகுதி அல்ல. கப்பா செய்யும் முறையை அறிய விரும்புவோர் மேலே பார்க்கவும்."

நோஹெயா பலகையைப் படித்தாள். நல்ல அகலமாக, சரியான இடத்தில் நிழல் விழும்படி வைத்திருந்தார்கள். வாளியை அதன் கீழே நகர்த்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் துணி முடிந்தது. மெல்லியது, வெள்ளை, வெளிச்சத்தில் பிடித்தால் கொட்டாப்புளியின் கோலம் நீரோட்டமாகத் தெரியும். மகோவா அதைத் தோளில் முடிந்துகொண்டு அம்மாவைப் பார்த்தான். "நல்லாருக்கும்மா," என்றான். அந்த வருடத்து வார்த்தைகளில் ஒன்றை அவளுக்காக வைத்திருந்தான் பாருங்கள்.

பந்தலில் உலுவெஹி மாப்பிள்ளையின் தோளருகே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரிசலுக்குள் சுரண்ட முடியாமல் தங்கிய வெண்கலப் பெயின்ட், துணியின் ஓரத்தில் ஏழெட்டுப் புள்ளியாக மின்னியது.

"என்ன சம்பந்தி, மாப்பிள்ளைக்குத் தங்கமெல்லாம் போட்டு அனுப்பறீங்க?"

"உன் பொண்ணுக்கு வேற எப்படி ஈடு குடுக்கறது?" என்றாள் நோஹெயா. இருவரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

கல்யாணப் படம் செய்தித்தாளில் வந்தது. அடுத்த வாரம் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. நோஹெயா அதை எடுத்துக்கொண்டு அக்கரைக்கே போனாள். புதுத் தம்பதி அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உலுவெஹி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"மணமக்களை மதிக்கிறோம். பொதுச்சிற்பம் எண் ஏழின் வெண்கலத்தில் ஒரு பகுதி மணமகனின் இடது தோளில் காணப்படுவதாக அறிகிறோம். அது துணியில் உள்ளதா, தோளில் உள்ளதா என்று படத்திலிருந்து தீர்மானிக்க இயலாததால், ஆய்வுக்காக இரண்டையும் குழுவிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். ரசீது இணைக்கப்பட்டுள்ளது. பொருள்: மாப்பிள்ளை, ஒன்று. நிலை: புதியது. காலம்: மூன்று நாள்."

மணப்பெண் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். மகோவா தோளைக் குலுக்கினான். போய்விட்டு வந்தால் என்ன என்பதுபோல இருந்தது.

உலுவெஹி ரசீதை நாலாக மடித்துக் காப்பிக் கோப்பைக்குக் கீழே வைத்தாள்.

"கட்டையையும் மூணு நாளுன்னுதானே வாங்கிட்டுப் போனானுங்க? அதுவாவது பரவாயில்ல, தட்டினதும் நான் உங்க கட்டைன்னு சத்தம் போட்டுச்சு. இவனை நாலு போல்ட்டுப் போட்டு நிறுத்தி வச்சாலும் வாயத் தெறக்க மாட்டானே!"